பதினோரு வினாடிக் கையெழுத்து

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு வீட்டிலே, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சாவி இருந்ததாம். ரெண்டாவது சாவி எங்கே என்று யாரும் கேட்கக் கூடாதாம். கேட்டால் கதை அங்கேயே நின்றுவிடுமாம்.

தொலைத்தவன் நான்தான். மேலே போகலாம்.

நான் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி, ஓட்டுநர் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு கையெழுத்து. தாளில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. பார்த்தால் வண்டி கிளம்பாது. ஒரு தடவை ஒரு ஓட்டுநர் தன் வீட்டு மளிகைச் சீட்டை நீட்டிவிட்டார். அதற்கும் கையெழுத்துப் போட்டு, நேரமும் குறித்துக் கொடுத்தேன்.

ஊருக்கெல்லாம் நேரம் காக்கிறவனுக்குச் சொந்தமாக நேரம் கிடையாது. காலை ஐந்துக்கு வேலைக்குப் போய்ப் பகல் பன்னிரண்டுக்கு விடுபடுவேன். என் மனைவிக்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஒரு மணிக்குப் போனால் ஒன்பதுக்குத்தான் விடுவார்கள். அவள் வீடு திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். தெருமுனை நிறுத்தத்தில் பன்னிரண்டு முப்பத்தாறுக்கு நான் இறங்குவேன். பன்னிரண்டு நாற்பதுக்கு அவள் ஏறுவாள். நடுவில் நாலு நிமிஷம். சாவி கைமாறும். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. எங்கள் குடும்ப வாழ்க்கையைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பகுதி அந்த நிறுத்தத்தின் தூணுக்குப் பக்கத்தில்தான் நடந்திருக்கிறது.

என் இருபத்தொன்பதாவது பிறந்த நாளன்று அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பிரகடனம் செய்தேன்.

"முப்பது வயசுக்குள்ள ஒரு நாவல் எழுதி முடிக்கப் போறேன்."

"சாப்பாட்டு டப்பாவை அங்கேயே கழுவிட்டீங்களா?"

"நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்கறே?"

"போன வருஷம் புல்லாங்குழல். அதுக்கு முந்தின வருஷம் ஓட்டப் பயிற்சி. அந்த ஓட்டப் பயிற்சி ஷூவுல இப்ப விளக்குமாறு நிக்குது. அதான் டப்பாவைக் கேட்டேன்."

"இந்தத் தடவை திட்டத்தோட வந்திருக்கேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். எனக்கு மேல ஒரு அதிகாரி இருந்தாத்தான் வேலை நடக்கும். அந்த அதிகாரி நீ. தினம் இங்கேயே காட்டறேன். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. கையெழுத்து இல்லாத நாள் எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது."

"ராத்திரிச் சமையல் உங்களோடதுதானே? எனக்கும் சேர்த்து எடுத்து வைக்கறதும் நீங்கதானே? அப்ப யாருக்குத் தண்டனை?"

பேருந்து வந்துவிட்டது. அவள் ஏறிக்கொண்டே, "சரிங்க, போடறேன்" என்றாள். அவள் குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது. பேருந்தின் சத்தமாகவும் இருக்கலாம்.

காது நிறைய ராஜா கதை கேட்டு வளர்ந்தவன் நான். என் நாவலிலும் ராஜா. முதல் பக்கத்தில் அரசன் குதிரை மேல் ஏறினான். இரண்டாம் பக்கத்தில் குதிரையின் நிறத்தை வர்ணித்தேன். மூன்றாம் பக்கம் கடிவாளம். நாலாம் பக்கம் வாலுக்கு வந்தேன். அரசன் எங்கே போகிறான் என்பது அரசனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு அந்த வீட்டுக்குள் தனியாக நுழைந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கொடியில் அவள் துண்டு ஈரமாக இருக்கும். கவிழ்த்து வைத்த டம்ளரில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். ஆள் மட்டும் இருக்காது. அப்போது போய் அரசனுக்கு எங்கே வழி சொல்வது? நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது மணிக்கு இரண்டு வினாடி பின்தங்குகிறது. அதுகூட எனக்குத்தான் தெரியும்.

இதற்கிடையில் ஒன்றைக் கவனித்தேன். என் மனைவி நோட்டைத் தூணில் சாய்த்து வைப்பாள். பக்கத்தைப் பார்ப்பாள். கையெழுத்துப் போடுவாள். என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? நேரம் குறித்தேன். பதினோரு வினாடி. அடுத்த நாளும் பதினோரு வினாடி. ஒரு பக்கத்தைப் பதினோரு வினாடியில் மனுஷர் படிக்க முடியுமா? படிக்கவில்லை! என்னை மாதிரியே போடுகிறாள்!

முதலில் நெஞ்சு கனத்தது. அப்புறம் ஒரு பக்கம் எழுதாமல் தப்பிக்க வழி கிடைத்ததே என்று லேசானது.

நாற்பத்தொன்றாம் பக்கத்தை அப்படியே ஐம்பத்தெட்டாம் பக்கமாகக் காப்பி அடித்தேன். கையெழுத்து விழுந்தது. மறுநாள், 'அரசன் வாளை உருவி, கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தான்' என்று எழுதினேன். கையெழுத்து விழுந்தது. சிறகு முளைத்துவிட்டது எனக்கு. அரசனைக் குதிரை மேலேயே விட்டுவிட்டு மனசில் இருப்பதை எழுத ஆரம்பித்தேன். யாரும் படிக்காத நோட்டு. சொல்லிக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?

'சாப்பாட்டில் உப்பு கம்மி. சொன்னால் கோபம் வரும்' என்று எழுதினேன். மறுநாள், ராத்திரியே அவள் கட்டி வைக்கிற டப்பாவோடு காகிதத்தில் மடித்த ஒரு சிட்டிகை உப்பு இருந்தது. அடடா, இதல்லவா மனப்பொருத்தம் என்று பூரித்துப்போனேன்.

'மாமியார் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டை கிழிந்துவிட்டது என்று நான் சொன்னது பொய். பணிமனையில் வண்டி கழுவுகிறவருக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கும் பிடிக்கவில்லை' என்று எழுதினேன். அடுத்த வாரம் மாமியாரிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் அதே நீலத்தில் இரண்டு சட்டை. விதியை நொந்துகொண்டேன்.

'அலமாரி உச்சியில், பழைய மின்விசிறிப் பெட்டிக்குப் பின்னால் பிஸ்கட் ஒளித்து வைத்திருக்கிறேன்' என்று எழுதினேன். பிஸ்கட் குறைய ஆரம்பித்தது. எலிப்பொறி வைத்தேன். எலி சிக்கவில்லை. பிஸ்கட்டைத் தின்றுவிட்டு டப்பாவை இறுக்கி மூடி வைக்கிற எலி எப்படிச் சிக்கும்?

கடைசியாகத்தான் பெரிய விஷயத்தை எழுதினேன். எனக்கு ஞாயிறு விடுமுறை. அவளுக்கு வெள்ளி. அன்றைக்கு எனக்கு ராத்திரி வரை இரட்டைப் பணி. ஆக, ஞாயிறு காலை ஒன்றுதான் எங்கள் இருவருக்கும் வீட்டில் சேர்ந்தாற்போல் கிடைப்பது. அதையும் நான் நாவலுக்காக விழுங்கியிருந்தேன். 'ஞாயிற்றுக்கிழமை அட்டவணை போடணும், கூப்பிட்டிருக்காங்க' என்று பொய் சொல்லிவிட்டு, நோட்டோடு பூங்காவுக்குப் போய்விடுவேன். எட்டரையிலிருந்து பதினொன்று வரை அங்கே ஒரு பெஞ்சு. நாவலாசிரியனுக்குத் தனிமை வேண்டாமா?

தனிமை ஏராளமாகக் கிடைத்தது. நாவல்தான் வரவில்லை. எதிர் பெஞ்சில் ஒரு தம்பதி ஒரு செய்தித்தாளைப் பிரித்து ஆளுக்குப் பாதி படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கே போய்விடலாம் என்றிருக்கும். போனால் பொய் உடையும். உட்கார்ந்திருப்பேன். இதையும் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். பதினோரு வினாடி. கையெழுத்து. கண்ணைக்கூட நிமிர்த்தவில்லை அவள்.

அப்புறம் ஏழு ஞாயிறு போனது. எட்டாவது ஞாயிறு தாங்க முடியவில்லை. என்ன ஆனாலும் சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒன்பதரைக்கே வீட்டுக்கு வந்தேன்.

பூட்டியிருந்தது.

படியில் உட்கார்ந்தேன். கீழ்ப்பகுதியில் தையல்காரர் கடை. ஞாயிறு ஒரு மணி வரை திறந்திருப்பார். வாயில் ஊசியோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், இன்னிக்குப் பெஞ்சு இல்லையா?"

"எந்தப் பெஞ்சு?"

"ஒண்ணுமில்ல சார். அம்மா நீச்சலுக்குப் போயிருக்காங்க. பத்தே முக்காலுக்கு வந்துடுவாங்க."

"நீச்சலா?"

"ஏழு வாரமா போறாங்களே. உங்களுக்குத் தெரியாதா? எனக்கே தெரியுமே."

பத்தே முக்காலுக்கு, நிமிஷம் பிசகாமல், ஈரத் தலையோடு தெருவில் வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். நான் எழுந்தேன். குற்றவாளி நான்தான். ஆனால் முந்திக்கொண்டால் நீதிபதி ஆகிவிடலாம் இல்லையா?

"எங்கே போயிட்டு வர்றே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"அட்டவணை சீக்கிரம் முடிஞ்சுடுச்சாங்க?"

"அது... இன்னிக்குக் கொஞ்சம்..."

"எதிர் பெஞ்சுக்காரங்க வந்திருந்தாங்களா? இன்னிக்கு யாருக்கு முதல் பாதி?"

ஊசி விழுந்த சத்தம் கேட்டது. தையல்காரர் வாயிலிருந்துதான்.

"நீ... படிச்சியா?"

"கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"பதினோரு வினாடியிலயா?"

"பரிசோதனைக்கூடத்துல ஒரு நாளைக்கு நானூறு தாள் என் கையில வருது. ஒரு புள்ளி தள்ளி விழுந்தா ஒரு ஆளுக்கு மருந்து மாறிடும். படிக்காம கையெழுத்துப் போடற பழக்கம் எனக்கு இல்லீங்க. ஒரு தாளுக்கு நாலு வினாடி போதும். உங்க எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கறதாலதான் பதினொண்ணு."

"அப்ப அந்த உப்பு?"

"நான்தான்."

"நீலச் சட்டை?"

"அம்மாகிட்ட ஒரு போன்."

"பிஸ்கட்?"

"எலிப்பொறியில என் விரல் மாட்டிக்கிச்சு, தெரியுமா? மூணு நாள் துணி சுத்திக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அப்பக்கூட நீங்க என் கையைப் பாக்கல. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

அவள் பூட்டைத் திறந்தாள். உள்ளே போய், துண்டைக் கொடியில் போட்டாள். சொட்டிக்கொண்டிருந்த துண்டை, ஆளோடு சேர்த்துப் பார்ப்பது எத்தனையோ நாளைக்கு அப்புறம்.

"எழுபத்து மூணாம் பக்கத்துல டம்ளரைப் பத்தி எழுதியிருந்தீங்க. 'அவள் டம்ளரில் ஈரம் காய்வதற்குள் வந்துவிட்டேன், அவள்தான் இல்லை'ன்னு. பஸ்ல அழுதுட்டேன். பக்கத்துல இருந்த பெரியவர் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக் குடுத்தார். மறுநாள்லேர்ந்து உங்களுக்கு டீ போட்டு ஒரு டம்ளர் மூடி வச்சுட்டுப் போறேனே, அதுக்கு எழுபத்தஞ்சாம் பக்கத்துல என்ன எழுதினீங்க?"

எனக்கு ஞாபகம் இருந்தது. 'வரவர மிச்ச டீயைக்கூடக் கொட்டாமல் போகிறாள், சோம்பேறித்தனம்' என்று எழுதியிருந்தேன்.

"கோபமா?"

"அன்னிக்கு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். பள்ளிக்கூடத்துலேர்ந்து எனக்கு நீச்சல் ஆசை. தண்ணியைப் பாத்தா பயம். நேரமும் இல்ல. ஆனா இந்த மனுஷன் ஒண்ணுமே வராம, தினம் ஒரு பக்கத்தை விடாம ரொப்பிக்கிட்டு வர்றாரே, நமக்கு என்னன்னு தோணுச்சு. ஞாயித்துக்கிழமை நீங்களும் வீட்ல இல்ல. தனியா உட்கார்ந்து என்ன பண்றது? போய்ச் சேர்ந்துட்டேன். இன்னிக்கு நடுவுல நிக்காம குளத்தோட முழு நீளம் போனேன்."

முகம் அப்படி மின்னியது. நான் பார்க்க வேண்டிய நீளம். நான் பார்க்கவில்லை.

"அடுத்த ஞாயிறு நான் வீட்லயே இருக்கேன்" என்றேன்.

"எனக்கு வகுப்பு இருக்கு. வேணும்னா வாங்க. அங்கேயும் பெஞ்சு இருக்கு. ஆனா பேசக் கூடாது. நான் கை வீச்சை எண்ணிக்கிட்டே நீந்துவேன்."

பன்னிரண்டே காலுக்கு அவளோடு நிறுத்தத்துக்குக் கிளம்பினேன். நான் செருப்பு மாட்டுவதற்குள் அவள் வீட்டைப் பூட்டிவிட்டு, தையல்காரரிடம் ஏதோ துணி விஷயம் பேசிவிட்டு வந்தாள். நிறுத்தத்தில் நின்றோம். வழக்கமான நாலு நிமிஷத்துக்குப் பதில் அன்று இருபது நிமிஷம். பாதி நேரம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. பழக்கமில்லை.

"நாவல் எழுதலாமா, விட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"குதிரைக் கதை எனக்கு வேண்டாம். அந்த நோட்டுல இன்னொருத்தன் வர்றானே, வீட்டுக்காரன். கொஞ்சம் அசடு. ஆனா நல்லவன். அவன் என்ன ஆனான்னு தெரிஞ்சாகணும்."

நோட்டை வாங்கித் தூணில் சாய்த்து என்னவோ எழுதினாள். பேருந்து வந்தது. ஏறினாள். ஜன்னலோரம் கை தெரிந்தது. பேருந்து திரும்பி மறைந்த பிறகுதான் சாவி ஞாபகம் வந்தது.

அவசரமாக நோட்டைத் திறந்தேன். இன்றைய பக்கம் வெறுமையாக இருந்தது. அடியில் சின்ன எழுத்தில்: 'சாவி தையல்காரரிடம். ஐம்பத்தெட்டாம் பக்கம் செல்லாது, திரும்ப எழுதவும்.' கையெழுத்து மட்டும் போடவில்லை.

கடைக்கு ஓடினேன். தையல்காரர் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"சாவி குடுங்க."

"பக்கத்தைக் காட்டுங்க சார்."

"என்ன விளையாட்டு இது?"

"அம்மா சொல்லியிருக்காங்க. ஒரு பக்கம் முழுசா இருக்கணும். குதிரை வரக் கூடாது. அரசன் எறங்கியிருக்கணும். நடுவுல மளிகைச் சாமான் இருந்தா வாங்கக் கூடாதுன்னும் சொன்னாங்க."

"நீங்க எப்படிச் சரிபார்ப்பீங்க?"

"படிச்சுத்தான். எனக்கு அவசரமே இல்ல."

அவர் காதிலிருந்த பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். என் வீட்டுச் சாவியைத் தன் அளவு நாடாவின் முனையில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"நான் சாப்பிட்டுட்டு நாலு மணிக்கு வர்றேன். பத்து பக்கம் எழுதினாலும் எனக்கு ஒண்ணு போதும் சார்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் நடந்து போனார்.