முதல் ஆளோடு நின்ற கல்யாண பேனர்

கம்ப்யூட்டர் படித்த பெண் வீட்டில் இருந்தால் கல்யாண வேலையில் பாதி தானாக முடிந்துவிடும் என்று நம்புகிறவர்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் அண்ணன் கல்யாணத்தை நான் கிட்டத்தட்ட கவிழ்த்தே விட்டேன்.

அப்போது ராயபுரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் புதுசு. கல்மண்டபம் பக்கம் எந்த விசேஷம் என்றாலும் மண்டப வாசலில் பேனர் கட்டி, அதில் சொந்தக்காரர்கள் பெயரை ஆளுக்கொரு வரியாகப் போட வேண்டும். வரி கிடைக்காதவர் சாப்பிடாமல் கிளம்பிவிடுவார்.

நான் வெப் டிசைன் படித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்கென்று ஓர் இணையப் பக்கமே போட்டிருந்தேன் (பார்த்தது நானும் அண்ணனும் மட்டும்). அம்மா சொல்லச் சொல்ல அதில் முப்பத்தொரு பெயர்களை அடித்திருந்தேன். முதலில் அம்மாவின் தம்பி, கொருக்குப்பேட்டை மாமா. அடுத்து அப்பாவின் அண்ணன், திருவொற்றியூர் பெரியப்பா. இணையப் பக்கத்தில் பெயர்கள் தனித்தனி வரியாகத் தெரிய, நடுவில் br என்ற குறியைப் போட்டாக வேண்டும். பேனர் கடைக்காரரோ, "இந்தக் குறியெல்லாம் வாணாம்மா, வெறும் பேரா ஃப்ளாப்பி டிஸ்க்ல குடு" என்றார்.

முப்பது குறிகளையும் அழித்து என்டர் தட்டினால் ஐந்து நிமிட வேலை. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவள் என்டர் தட்டுவாளா! குறி வருகிற இடத்தில் புது வரி போடச் சொல்லி ஒரு கட்டளை எழுதினேன். மாமா, பெரியப்பா இருவர் பெயரை மட்டும் கொடுத்துச் சோதித்தேன். அழகாகப் பிரிந்தது. உடனே மொத்தப் பட்டியலையும் ஓட்டி, வந்ததை ஏறெடுத்தும் பார்க்காமல் ஃப்ளாப்பியில் காப்பி எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

'எல்லாவற்றையும் மாற்று' என்று தனியாகச் சொல்லாவிட்டால், ஜாவாஸ்கிரிப்ட் கண்ணில் படும் முதல் குறியை மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதைச் சொல்ல g என்ற ஒரே ஓர் எழுத்து போதும். அதை நான் போடவில்லை.

கல்யாணத்தன்று காலை பேனர் ஏறியது. உச்சியில் மாமா தனியாக, ராஜா மாதிரி. கீழே மற்ற முப்பது பேரும் ஒரே மூட்டையாக, பெயருக்குப் பெயர் நடுவில் br. கொடுத்ததை ஒரு புள்ளி மாறாமல் அச்சடித்திருந்தார் கடைக்காரர் (புண்ணியவான்!). பெரியப்பா தன் பட்டாளத்துடன் வாசலிலேயே நின்றுவிட்டார். தாலி எடுத்துக் கொடுக்க வேண்டியவரே அவர்தான். முகூர்த்தத்துக்கு இன்னும் அரை மணி நேரம்.

"இன்னாம்மா இது? உங்க மாமனுக்குத் தனி லைனு, எங்களையெல்லாம் ஒண்ணா அமுக்கி வெச்சிகீறே?"

"நான் பண்ணல பெரியப்பா. கம்ப்யூட்டர் மொத ஆளோட நின்னுடுச்சி."

"அது எப்டிம்மா கரீக்டா உங்கம்மா தம்பியாண்ட நின்னுது?"

பட்டியல் சொன்ன அம்மா கூட்டத்தில் கரைந்துவிட்டார். பட்டுப்புடவையோடு நின்று g-யின் மகிமையை விளக்கினேன். பெரியப்பா முழுசாகக் கேட்டார்.

"அந்த ஒரு எழுத்தப் போட உனுக்கு இன்னா பேஜாரு?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில் அப்பாவே ஏணி போட்டு ஏறிப் பேனரை அவிழ்த்தார். அது சுருண்டு மூலைக்குப் போன பிறகுதான் பெரியப்பா உள்ளே வந்தார். ஆனால் அதற்குள் மாமா வெளியே போய்விட்டார்.

"என் பேரு ஒண்ணுதான் நல்லா இருந்துச்சி. அத எதுக்கு அவுத்தீங்க?"

அவரைத் தாஜா செய்து அழைத்து வருவதற்குள் கெட்டிமேளமே முடிந்துவிட்டது. தாலி கட்டியதை நானும் பார்க்கவில்லை.

இன்று எனக்குக் கீழே பத்துப் பேர் புரோகிராம் எழுதுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை. போன மாதம் ஒரு வளைகாப்புப் பந்தியில் முதல் இலைக்கு வடை வைத்தேன். கோடியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா சத்தமாகக் கேட்டார்: "இன்னாம்மா, இங்க வரிக்கும் வருமா, மொத எலையோட நின்னுடுமா?"

பந்தியே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் என் கணவர். அவர் இலையை மட்டும் தாண்டிப் போய்விட்டேன்.