டூல்கிட் பார்க்கும் பேர்வழி

புரோகிராம் எழுதுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. எழுதப் போகிறவர்கள் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது கூட்டத்தின் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பேர்வழியைப் பற்றி. டூல்கிட் பார்க்கிறவர் என்று அவருக்குப் பெயர்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் திரையில் நீங்கள் பார்க்கிற பொத்தான், பெட்டி, பட்டியல் இவற்றையெல்லாம் புரோகிராம் எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் தாமே வரைவதில்லை. யாரோ செய்து வைத்ததை எடுத்துப் பொருத்திக்கொள்கிறார். அப்படிச் செய்து வைத்த தொகுப்புதான் டூல்கிட். ஏகப்பட்டது கிடைக்கிறது, பெரும்பாலும் இனாமாக. ஒன்றை எடுத்தோமா, வேலையை முடித்தோமா என்று போகிறவர்கள் சாதாரண மனிதர்கள். நம் பேர்வழி சாதாரண மனிதரா?

என் மச்சினனையே எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியின் தம்பி, கெட்டிக்காரன், ஆபீசில் நல்ல பெயர். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. நாம் சொல்வது புரிகிறது. பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் ஒரு யோசனை சொன்னார். கட்டில் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், திரையில் படம் போட்ட பெரிய பெரிய பொத்தான்கள், இடது கையால் அழுத்தினால் "தண்ணி வேணும்", "வலிக்குது" என்று அது பேச வேண்டும்.

"இவ்வளவுதானே? ரெண்டு நாள் வேலை" என்றான் மச்சினன். அப்போது மாமனார் முகத்தில் வந்த தெளிவை நான் பார்த்தேன். பார்த்துத் தொலைத்ததால்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டான். எழுத அல்ல, பார்க்க. ஒரு டூல்கிட்டை இறக்குவான், அதில் ஒரு பொத்தான் செய்வான், அழுத்துவான், "வணக்கம்" என்று வரும், தலையைச் சாய்த்துப் பொத்தானின் மூலை வளைந்திருக்கும் அழகைப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், அதைப் பற்றி இணையத்தில் சண்டை போட்டுக்கொள்கிறவர்கள் அத்தனை பேரையும் படிப்பான், அவர்களில் ஒரு புண்ணியவான் வேறொன்றைச் சிபாரிசு செய்திருப்பார், உடனே அதை இறக்குவான். கம்ப்யூட்டர் அவனுக்கு விதவிதமாக வணக்கம் சொன்னது. மாமனாருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"எது வரைக்கும் வந்திருக்கு மாப்ளே?" என்று கேட்டேன்.

"முதல்ல பார்த்தது நல்லாத்தான் இருந்தது அத்தான். ஆனா ரொம்பப் பழசு."

"அடுத்தது?"

"ரொம்பப் புதுசு. நம்ப முடியாது. அதோட, எல்லா விதமான கம்ப்யூட்டர்லயும் ஓடணும் பாருங்க."

"வீட்டுல இருக்கறது ஒண்ணுதானேப்பா?"

"இன்னைக்கு ஒண்ணு."

இந்த இனத்தோடு வாதாடி ஜெயிக்க முடியாது. நாளை என்ற ஒன்று எப்போதும் அவர்கள் கட்சியிலேயே இருக்கிறது. பத்து வருடம் கழித்து இந்த டூல்கிட்டை யார் பராமரிப்பார்கள் என்பது அவனுடைய பெரிய கவலை. மாமனாருக்கு வயது எழுபத்தாறு.

ஒன்றைக் கழித்துக்கட்டும்போது இவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒரு டூல்கிட் எல்லாச் சோதனையிலும் தேறித் தொலைத்தது. இனி எழுதித்தான் ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. பையனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு எதற்கோ "வேணும்" என்று தமிழில் அடித்துப் பார்த்திருக்கிறான். கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நின்றன. "பார்த்தீங்களா அத்தான், இதுக்குத் தமிழே தெரியல!" என்று ஓடி வந்தான். அவ்வளவு சந்தோஷம். படம் போட்ட பொத்தானுக்கு எழுத்து எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி கண்ணைக் காட்டினாள். அடக்கிக்கொண்டேன்.

இதற்கிடையில் மாமனார் என்ன செய்தார்? டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். தட்டினால் மாமியார் தண்ணீரோடு ஓடுவார், மனைவி போர்வையோடு ஓடுவாள், நான் மாத்திரையோடு ஓடுவேன். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மறுபடி தட்டுவார். ஒருநாள் வெகுநேரம் தட்டிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது: ஜன்னல் வெயில் நேராக அவர் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. மனுஷர் அழுதுவிட்டார். ஏலக்கடையில் விலை கூவி, தொண்டையாலேயே குடும்பத்தைக் காப்பாற்றியவர். அன்று மச்சினன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஏதாவது ஒண்ணுல செஞ்சு குடுத்துடேன்டா கண்ணா. அப்பா என்ன அழகையா பார்க்கப் போறாரு?" என்று மாமியார் கெஞ்சினார்.

"அப்பாவுக்குப் போய் ஏனோதானோன்னு செய்யச் சொல்றியாம்மா?"

பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இத்தனை தாமதமும் பாசத்தினால்தான்.

கடைசியில் இரண்டு டூல்கிட்டுகள் மிஞ்சின. கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு அவற்றின் குணநலன்களை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "இது பார்க்க லட்சணம் அத்தான். அது கம்ப்யூட்டருக்குப் பாரமா இருக்காது. ஆனா இதுல என்னன்னா..."

"ஒரு தரம்."

கரகரவென்று ஒரு குரல். எல்லோரும் திரும்பினோம். மாமனார் மகனையே உறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி அம்மாள் வந்துபோனதெல்லாம் வீண்போகவில்லை.

"ரெண்டு தரம்."

இடது கை மெல்ல உயர்ந்தது. டம்ளர் கட்டில் சட்டத்தில் ணங்கென்று இறங்கியது.

"மூணு தரம்!"

மாமியார் வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு விம்மினார். மனைவி அழுதாள். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. மச்சினன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அப்பாவுக்குப் பேச்சு வர ஆரம்பிச்சிடுச்சுன்னா, இனிமே அவர் பேசறதையும் கம்ப்யூட்டர் கேட்டுக்கணும் அத்தான். அதுக்கு இந்த ரெண்டுமே சரிப்படாது. முதல்லேருந்து பார்க்கணும்."

சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த ரகமில்லை, எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு சின்ன சோதனை. கடைசியாக மிஞ்சிய அந்த இரண்டு டூல்கிட்டும் எவை என்று கேட்க உங்களுக்கு நாக்கு துறுதுறுக்கிறதா? மாமனார் அதற்குப் பிறகு என்ன பேசினார் என்று கேட்கத் தோன்றவில்லையா? அப்படியானால் தயவுசெய்து எழுந்துபோய்ப் பக்கத்து அறையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே யாரோ உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.