எட்டு விசில்

சமையலறையில் எனக்கு வராத ஒரே வேலை, 'இது எனக்குத் தெரியாது' என்று வாய்திறந்து சொல்வது. மற்றதெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் ஒருமுறை, கரண்டில் ஓடும் இறைச்சி சீவும் மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன்.

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீடு. பார்சலைப் பிரித்ததும் வட்டமான பிளேடை மாமி (என் மாமியார்) ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதென்னத்துக்கு பிள்ளே? வீட்டுல பிச்சாத்தி கெடக்கல்லியா?" (கத்திக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்.)

"வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் மாமி."

"அப்போ வெளிநாட்டுக்காரன் வரும்போ எடுத்தா மதி." (மதி என்றால் போதும்.)

வரப்போனது வெளிநாட்டுக்காரன் இல்லை. குளச்சலுக்குப் பக்கத்திலிருந்து என் நாத்தனார் ஜெபாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார். அதற்கு முன்னால் இரண்டு சம்பந்தம் கைக்கு வந்து நழுவியிருந்தது. இந்தப் பையனோடு மூன்று தடவை போனில் பேசிவிட்டு, ஜெபா துணி காயப்போடும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வருகிறார்கள், மத்தியானம் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். இலையில் விழும் இறைச்சித் துண்டைத்தான் நெடுநேரம் பார்ப்பார்கள். துண்டு சின்னதாக இருந்தால் மனசும் சின்னது என்று அர்த்தம்.

அன்று காலையில் மாமி கோயிலுக்குக் கிளம்பும்போது, படி இறங்கியவர் திரும்பி வந்து சொன்னார்.

"மாட்டு இறச்சி, கேட்டியா? எட்டு விசில் வைக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் கல்லு மாதிரி கெடக்கும்."

எல்லோரும் போனதும் மெஷினை எடுத்தேன். இறைச்சியை ஃப்ரீசரில் வைத்துக் கொஞ்சம் இறுகவிட்டுச் சீவ வேண்டும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. அதை ஒழுங்காகச் செய்திருந்தேன். எத்தனை கனத்துக்குச் சீவுவது என்பதற்கு ஒரு திருகு இருந்தது. ஒன்றிலிருந்து பதினைந்து வரை நம்பர். எதையும் சின்னதிலிருந்து தொடங்குவதுதானே நல்லது என்று ஒன்றில் வைத்தேன்.

எப்படிச் சொல்வது! ஸ்ஸ் என்று ஒரு சத்தம், ரோஜா இதழ் மாதிரி ஒரு துண்டு. ஸ்ஸ், இன்னொன்று. எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மூன்று கிலோவையும் சீவி முடித்தபிறகுதான் நிறுத்தினேன். இரண்டு பேசின் நிறைய, குவிந்து கிடந்தது. கோயிலிலிருந்து வீட்டுக்காரர் போன் பண்ணி, "கோழியும் வாங்கட்டா?" என்று கேட்டார். "இதுவே ஒரு கல்யாணத்துக்குக் காணும், ஒண்ணும் வாங்காண்டாம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

பிறகு மசாலாவும் தேங்காய்க்கொத்தும் போட்டுக் குக்கரை மூடி எட்டு விசில் வைத்தேன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் மாமி சொன்னதை நான் அப்படியே கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

குக்கரைத் திறந்தேன். நல்ல மணம். கரண்டியைவிட்டுக் கிளறினேன். தேங்காய்க்கொத்து வந்தது. இன்னும் ஆழமாகக் கிளறினேன். இன்னும் தேங்காய்க்கொத்து. மூன்று கிலோ இறைச்சி எங்கே போனது என்று குக்கரின் மூடியைக்கூடத் திருப்பிப் பார்த்தேன் (ஆமாம், பார்த்தேன்). அதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

பந்தி தொடங்கியது. மாப்பிள்ளையின் பெரியம்மாதான் அந்த வீட்டில் எல்லாம். அவர் குழம்பில் விரலால் துழாவினார். ஒரு துண்டை எடுத்து ஆசையாகக் கடித்தார். 'கடுக்' என்றது. தேங்காய். அடுத்ததும் தேங்காய். மூன்றாவது தேங்காய்க்குப் பிறகு ரொம்ப மரியாதையாக என்னிடம் கேட்டார்.

"மக்களே, இறச்சி வாங்க ஆளு போயிருக்கா?"

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். கதவோரம் நின்ற ஜெபாவின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. என் பவுசுக்கு அவள் வாழ்க்கையையா சீவிப்போட வேண்டும்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜெபா விறுவிறுவென்று அடுக்களைக்குள் போனாள். மெஷினை இரண்டு கையாலும் தூக்கிவந்து, பெரியம்மாவின் முன்னால் டொம்மென்று வைத்தாள்.

"பெரியம்மே, இறச்சி முழுக்க அந்தக் குழம்புலதான் கரைஞ்சு கெடக்கு. எங்க அண்ணி இதுல சீவிட்டு, எட்டு விசிலும் வச்சிட்டாவ. சந்தேகம்னா இந்தா பாருங்க."

பிளேடின் பின்னால் ஒட்டிக்கிடந்த ஒரு சீவலை உரித்து நீட்டினாள். மாப்பிள்ளை அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பெரியம்மே, இதுக்க வழியா பாத்து ரோட்டுல போற பஸ்ஸுக்க நம்பர வாசிக்கலாம்."

பெரியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மாமி தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவழியாகப் பேசினார்.

"கள்ளம் பறையத் தெரியாத பிள்ள. எங்களுக்கு இவ போதும். ஒரே ஒரு காரியம், கல்யாணத்தன்னைக்கு அந்த அண்ணிய மட்டும் அடுப்பு பக்கம் விடாண்டாம்."

விடவில்லை. நான் மணமேடைப் பக்கம் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன்.

அது நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் ஜெபா வீட்டுக்கு விருந்துக்குப் போனால், ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன உடனே யாரும் சாப்பிடத் தொடங்குவதில்லை. பெரியம்மா கரண்டியில் எலும்போடு ஒரு பெரிய துண்டை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார்.

"கண்டியளா?"

"கண்டோம்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். என் குரல் கேட்கவில்லை என்றால், திரும்ப முதலிலிருந்து.