பெர்னார்ட் பெருமான் குழாயை உறைய வைத்த படலம்

வாழி, பார்ன்ஸ்லி நகர்வாழ் பெர்னார்ட் ஓல்ட்ராய்ட்! அலமாரி மூன்றைச் சாய்வாகவே மாட்டிய ஆணித்தோள் அண்ணலே, புல்வெட்டும் இயந்திரத்தைப் பழுதுபார்த்து அதன் வாயை நிரந்தரமாக அடைத்த அடலேறே, நின் புகழ் பாடப் புகுந்தேன்!

மாடிப்படிக்கு அடியிலே, இருள்சூழ் மாடத்திலே, வீட்டுக்குத் தண்ணீர் தரும் தலைக்குழாயின் வால்வு என்னும் வன்பகைவன், துருக்கவசம் பூண்டு, மூட வந்தோர்க்கெல்லாம் முதுகு காட்டாது, சொட்டுச் சொட்டாக ஏளனம் உகுத்தபடி வீற்றிருந்தான். தெருவில் நீரை அடைக்கும் வால்வோ சாலைத் தாருக்கடியில் சமாதியாகிவிட்டது. படிக்குக் கீழே, பெர்னார்டின் மனைவி டோரீன் ஆசை ஆசையாக விரித்த புதுக் கம்பளம்.

"கீத்தைக் கூப்பிடேன். பிளம்பர் தம்பி எனக்கு எதுக்கு இருக்கான்?" என்றாள் டோரீன்.

கீத்தா! கூப்பிட்டால் இந்தக் கிறிஸ்துமஸ் விருந்தோடு அவன் நக்கல் ஓயுமா? மானமா, மைத்துனனா என்று வந்தபின் மறக்குடி மைந்தன் வேறென்ன செய்வான்?

"ஸ்பிரே வாங்கி வெச்சிருக்கேன். குழாயைச் சுத்தி உறையை மாட்டி அடிச்சா, உள்ள இருக்கிற தண்ணி கட்டியா இறுகி அடைச்சுக்கும். அப்புறம் வால்வைக் கழட்டிடலாம்."

"கம்பளம் நனைஞ்சுது, அடுத்த நிமிஷம் கீத்துக்குப் போன். சொல்லிட்டேன்."

உடனே படிமேல் ஏறி நின்று, முரசொலி நாண முழங்கினான் தலைவன்: "இந்த வீட்டுல யாரும் குழாயைத் தொடக் கூடாது! தண்ணி ஓடினா ஐஸ் பிடிக்காது! டாய்லெட்டும் கிடையாது!" முழங்கியதோடு நில்லாமல், குளியலறைக் குழாயின் கழுத்தில் நாடாவும் சுற்றினான்.

பின்னர் மண்டியிட்டு, செம்புக்குழாய்க்கு உறை அணிவித்து, சீறும் ஸ்பிரேயை அதனுள் செலுத்தினான். செலுத்தவே வெண்பனி பூத்தது. பூத்தது கண்டு அவன் மீசையும் பூரித்தது. இனிக் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தோ, காத்திருத்தல்! எப்படையும் அசைக்க இயலாத யார்க்‌ஷயர் மறவனை அசைக்க வல்லது அஃதொன்றே. சும்மா நின்ற கால்கள் தாமாகச் சமையலறைக்கு நடந்தன. கை தானாகக் கெட்டிலை எடுத்தது, நிரப்பியது, அடுப்பில் ஏற்றியது. மனம் மட்டும் போர்க்களத்தை விட்டு அகலவேயில்லை.

மீண்டு வந்தான். வேலென ஸ்பேனரை ஓங்கி, பகைவன் கழுத்தைத் திருகினான். கொட்டில் உடைத்த களிறு போல் பிளிறிப் பாய்ந்தது புனல்! நெற்றியில் அறைந்தது, மீசையை நனைத்தது, கம்பளத்தில் பரந்தது. மார்பால் தடுத்து, பல்லைக் கடித்து, நட்டை மறுபடி முடுக்கி நின்றான் நெடுந்தகை. நிற்கவும், சமையலறையிலிருந்து வெற்றிச்சங்கம் போல் கெட்டில் விசிலடித்தது.

டோரீன் கம்பளத்தைப் பார்த்தாள். சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"பெர்னார்ட், கெட்டில்ல தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

நெடுந்தகை மீசையைப் பிழிந்தான்; டோரீன் போனை எடுத்தாள்.

சாயங்காலம் கீத் வந்து, அதே மாதிரி ஸ்பிரேயால் குழாயை உறைய வைத்து, வால்வை மாற்றிய பிறகுதான் டீ கேட்டான்.