சார்லியின் முழங்கால்

தூக்கம் போதாத ஒருவனை யாரும் மாப்பிள்ளை பார்க்க வரக்கூடாது. 2009இல் நான் அப்படித்தான் இருந்தேன். லண்டன் பிளேஸ்டோவில் ஓர் அறை, பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், பகலில் மரக்கறிக் கடையில் இன்னொரு ஷிப்ட். (இரண்டுக்கும் நடுவே, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே நித்திரை.)

மெல்பேர்ணில் இருந்த தாரிணியோடு மாதக்கணக்காகப் போனில் பேசி, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்திருந்தேன். அவளும் அப்படியே. மிச்சம் இருந்தது அவளுடைய அப்பா. என்னைப் பார்ப்பதற்கென்றே லண்டன் வந்து, மோர்டனில் தன் தங்கச்சி வீட்டில் இறங்கியிருந்தார்.

“அப்பா கனக்கக் கதைக்கமாட்டார். புட்போல் எண்டால் மட்டும் வாய் திறப்பார், அதுவும் அவுஸ்திரேலியப் புட்போல். சார்லி எண்டு ஒருத்தர்தான் அவருக்குத் தெய்வம். படம் ஹோலிலயே மாட்டியிருக்கு. அவரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ, காணும்” என்றாள் தாரிணி.

அவரைப் பார்க்கப் போகும் நாள் காலை, இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் கணினியில் சார்லியைத் தேடிப் படித்தேன். சரித்திரப் பாடத்தையே ஆண்டுகளைத் தாண்டிப் படித்துப் பாஸானவன் நான். இங்கேயும் தாண்டினேன். சப்பாத்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே விளையாடினாராம். (பாவம், என்னைப் போல இரண்டு வேலை.) முதல் ஆட்டத்துக்குக் குதிரை வண்டியில் போனாராம். (பெரிய ஆட்கள், எதிலும் போவார்கள்.) பிறகு அணித் தலைவர், பிறகு முழங்காலில் அடி. படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. கலைநயம் என்று நினைத்துக்கொண்டேன். முழங்கால் வரை படித்ததோடு கண் சொருகிவிட்டது.

மோர்டனில் சாப்பாட்டு மேசையில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் நண்டை உடைத்திருக்கலாம்.

“அங்கிள், சார்லியின்ட ஆட்டம் ஒண்டையும் நான் விடுறேல்லை.”

அவர் கை சோற்றிலேயே நின்றது. “எப்பிடிப் பார்க்கிறனீர்?”

“இன்ரநெட்டில. நேரடியா.”

“அப்பிடியோ? போன கிழமையும் விளையாடினவரோ?”

“ஓம். ஆனா அந்த முழங்கால்... பாதியில வெளியில போயிட்டார்.”

“சீச்சீ. இனி விளையாட ஏலுமோ?” அவர் முகத்தில் அவ்வளவு அக்கறை.

“கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் ஏலுமாம். டொக்டர் சொன்னவர்.”

குசினியிலிருந்து அவருடைய தங்கச்சி எட்டிப் பார்த்தார். “அண்ணை, விடுங்கோ. பெடியன் சாப்பிடட்டும்.”

“பொறு பிள்ளை. தம்பி, சார்லி நான் பிறக்கிறதுக்கு முன்னமே செத்துப்போனார். அந்த டொக்டரின்ட நம்பரை எனக்கு ஒருக்காத் தாரும்.”

இரண்டு ஷிப்ட்டையும் அரைகுறையாகப் படித்ததையும் ஒப்புக்கொண்டேன். அவர் படுக்கச் சொல்லிச் செற்றியைக் காட்டினார். விழுந்ததுதான் தெரியும். (கலியாணம் குழம்பிய கவலையிலும் குறட்டை விட்டேனாம்.) கண் விழித்தபோது அவர் தாரிணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஓம் பிள்ளை, வாய் நிறையப் பொய். ஆனா வாயைத் திறந்த உடன பிடிபடுறான். இப்பிடி ஒரு ஆளோட நீ நிம்மதியா இருக்கலாம்.”

நான் இன்னும் சற்று நேரம் தூங்குவதுபோல் நடித்தேன். அதையும் கண்டுபிடித்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

கலியாணமாகிப் பல வருடங்கள். அந்தக் குடும்பத்தில் இன்றுவரை யாரையும் எனக்கு வெறும் பெயரோடு அறிமுகப்படுத்துவதில்லை. போன மாதமும் மாமா மெல்பேர்ணிலிருந்து போன் எடுத்தார்: “தம்பி, என்ட சிநேகிதர் ஒருத்தர் லண்டனுக்கு வாறார். எயார்போர்ட்டில நிண்டு கூட்டிக்கொண்டு போம். ஆள் உயிரோடதான் இருக்கிறார்.”