இருபது புழுக்களுக்குத் துணை வைத்த விவரம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள், அக்கா, பிள்ளைகள், உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் உங்கள் தங்கை ஆகிய அனைவரின் நலமும் அறிய ஆவல். கடைசியாகச் சொன்னவரின் நலம் மட்டும் கொஞ்சம் விரிவாகத் தெரிந்தால் நல்லது. அவளை உடனே அனுப்பி வையுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். நாற்பத்தொரு நாள் ஒரு பெரிய விஷயமா என்ன?

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சமையல் நானேதான், குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் விட மறந்தது இரண்டே முறை. துவைப்பதும் நானேதான், சிவப்புத் துண்டையும் ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டையும் ஒன்றாக ஊறவைத்ததில் இப்போது ரோஸ் கோட்டில்தான் வேலைக்குப் போகிறேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பார்க்கத்தான் செய்கிறார்கள். வேலையில்தான் ஒரு சின்னத் தவறு. எப்படியும் உங்கள் காதுக்கு வரும், நானே சொல்லிவிடுகிறேன். நான் புழு வளர்ப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் ஒரு கமா அளவுதான் ஒவ்வொன்றும். வட்டத் தட்டில் ஜெல்லி ஊற்றி, நடுவில் தீனியாகக் கிருமியைத் தடவி, லென்ஸில் பார்த்துக் கம்பி நுனியால் ஒவ்வொன்றாக எடுத்து விடுவது என் வேலை. மூளையென்று பார்த்தால் சில நூறு நரம்பணு, அவ்வளவுதான். ஆனாலும் ஆண்புழுவைத் தனியே விட்டால், தின்ற கையோடு (கை கிடையாது, பேச்சுக்குச் சொல்கிறேன்) தீனியை விட்டுவிட்டுத் துணை தேடிக் கிளம்பிவிடும். கூடவே ஒரு துணை இருந்தால் நகராது. தலைக்குள் ஊறும் ஏதோ ஒரு ரசாயனம்தான் அதைக் கிளப்பிவிடுகிறதாம். அது ஊறாத புழு இடித்த புளி மாதிரி தீனியிலேயே கிடக்குமாம். எங்கள் விஞ்ஞானி அம்மா ஆராய்வது இதைத்தான்.

போன செவ்வாய்க்கிழமை இருபது தட்டுகளில் இருபது ஆண்புழுக்களைத் தனித்தனியாக விடச் சொன்னார். விட்டேன். மத்தியானம் பார்த்தால் ஒன்று தட்டின் விளிம்பு வரை போய், திரும்பி, மறுபடி விளிம்புக்கே வந்து தலையை நீட்டி நீட்டித் தேடுகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை, மச்சான். இருபது தட்டிலும் ஆளுக்கொரு துணையை எடுத்து வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் அம்மா வந்து பார்த்தால் ஒரு புழுகூட இடத்தைவிட்டு நகரவில்லை. அந்த இருபதையும் தயார் செய்த மூன்று வார உழைப்பு வீண். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

"தனியா இருந்துச்சுங்கம்மா," என்றேன்.

திட்டு விழும் என்று நின்றேன். அவர் என் ரோஸ் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா எப்ப வர்றாங்க?" என்றார்.

உங்கள் தங்கை கிளம்பிய அன்று என்ன சொன்னாள் என்று உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். "நாள் பூரா அந்தப் புழு மூஞ்சியப் பாக்குறீங்க. என் மூஞ்சிய எப்பப் பாத்தீங்க?" என்றாள். அப்போதும் நான் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. இப்போது அவள் இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் சீப்பு கண்ணாடி முன்னால் கிடக்கிறது, அதில் நாலு முடி இருக்கிறது, நான் அதை எடுக்கவில்லை. இதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டாம். அவசரமே இல்லை, நிதானமாக வரட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்
(இன்னமும் அப்படித்தான் என்று நம்புகிறேன்)

பி.கு.: தபாலில் போடத்தான் போனேன். போய்ச் சேர மூன்று நாளாகும் என்றார்கள். பஸ்ஸில் ஐந்து மணி நேரம்தான், அதனால் நானே கொண்டுவந்துவிட்டேன். காலையிலிருந்து உங்கள் வாசலில் நின்று, அழைப்புமணியில் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன். இதைக் கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று மேலே எழுதியது பொய். நீங்கள் எழுந்து வர வேண்டாம், மச்சான். கதவை அவளைத் திறக்கச் சொல்லுங்கள்.