கோடு போட்ட ஏசி

"ஏசியைப் போடுங்க சார்," என்றார் முத்துவடிவு டீச்சர், வெள்ளைக் கம்பைக் கட்டிலில் சாய்த்துவிட்டு.

குற்றாலத்தில் சாரல் பொய்த்த சீசன். லாட்ஜ் மேனேஜர் மணிகண்டபிரபுவுக்கு வியர்த்தது.

"ஏசி செத்துப்போச்சு டீச்சர். வெப்சைட்டுல கோடு போட்டு அடிச்சிருக்கோமே!"

பார்வையில்லாத டீச்சர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் தன் போனைத் தட்டினார். அது கணீரென்று வாசித்தது: "குளுகுளு ஏசி. மூலிகை எண்ணெய்க் குளியல்."

"கோடு போட்டிருக்குன்னு இது சொல்லலையே. புகார் எழுதவா?"

புகாரா! "இன்னொரு புகார் வந்துச்சு, நீரு வீட்டுக்குப் போவலாம்" என்று முதலாளி நம்பிராஜன் அண்ணாச்சி போன வாரம்தான் சொல்லியிருந்தார். இல்லாமல் போன எதையும் அழிக்கக் கூடாது, கோடுதான் போட வேண்டும் என்பதும் அவர் சட்டமே. 'ஒரு காலத்துல இருந்துச்சுன்னு ஊருக்குத் தெரியணும்லா!'

மணிகண்டபிரபு வெளியே ஓடி, வெப்சைட் செய்த அண்ணாச்சி மகள் நிவேதாவைப் போனில் பிடித்தார்.

"அண்ணே, அந்தக் கோடு கண்ணுக்கு மட்டுந்தான். 'இது நீக்குனது'ன்னு உள்ள எழுதல. போன் எப்பிடிச் சொல்லும்?"

"செவப்பாக்கிரு!"

ஆக்கினாள். டீச்சரின் போன் சிவப்பை மதிக்கவில்லை.

"பெரிய எழுத்தாக்கு!"

தலைப்பாகவே ஆக்கிவிட்டாள். இப்போது போன் எடுத்த எடுப்பில், "தலைப்பு: குளுகுளு ஏசி" என்று முழங்கியது.

"பேசாம 'இல்லை'ன்னு எழுதிருதேன். ஆமா, நீங்க எதுக்கு இதுல கெடந்து அல்லாடுதீய? அப்பா ஒங்ககிட்ட..."

"அப்பாகிட்ட மூச்சு விட்டிராத!"

மீன்கடை ஐஸை வாங்கி டேபிள் ஃபேன் முன்னால் வைத்தார். குளிரோடு சாளை வாடையும் வீசியது. வாடைக்கு ஊதுபத்தி ஏற்றினார். டீச்சர் இரும ஆரம்பித்தார். சமாதானத்துக்கு, எண்ணெய்க் குளியல் உண்டு என்றார் மேனேஜர். அதுவும் கோடு போட்டதுதான்; குளிப்பாட்டும் வைத்தியர் எப்போதோ ஓடிப்போயிருந்தாரே! துப்புரவு பார்க்கும் உலகம்மாளை எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே தள்ளினார்.

"மேனேசரே, இதுல அப்பளம் பொரிச்ச வாசம் அடிக்கி!"

"மூலிகைன்னு சொல்லு!"

மறுநாள் கிளம்பும்போது டீச்சர் சிரித்தார். "ஏசிதான் மீன் நாறுச்சு. ஆனா இப்பிடி விழுந்து விழுந்து யாரும் என்னைக் கவனிச்சதில்ல. பாராட்டுத்தான் எழுதிருக்கேன். 'மேலாளர் மணிகண்டபிரபு'ன்னு கடைசியா போன் வாசிச்சுச்சு. அந்தப் பேரையும் போட்டுட்டேன்."

வேலை தப்பியது! வெப்சைட்டின் அடிப்பகுதி வரை போய்த் தன் பேரைத் தேடினார். கண் கலங்கியதில் எழுத்தே தெரியவில்லை. உலகம்மாளிடம் போனை நீட்டினார்.

"எம் பேரு இருக்கா பாரு."

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இருக்கே. ஆனா, அது மேலயும் கோடுல்லா போட்டிருக்கு?"